நான்கு நாள் நின்றால் செல்ஃப் எடுக்காத ஜென்

கேள்வி: வணக்கம் அண்ணா. ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் இருக்கிறோம். நான் பள்ளி ஆசிரியை. அப்பா 2003-இல் வாங்கிய மாருதி ஜென் இன்னும் வீட்டில் இருக்கிறது. வாரத்தில் ஓரிரு நாள் பள்ளிக்கூடம் வரை, மாதத்தில் ஒன்றிரண்டு தடவை சேலம், அவ்வளவுதான் ஓட்டம். ஒன்றரை வருடமாக ஒரே தொல்லை. நான்கு நாள் ஷெட்டில் நின்றால் செல்ஃப் எடுப்பதில்லை, டிக் டிக் என்று சத்தம் மட்டும் வருகிறது. இரண்டு பேட்டரி மாற்றிவிட்டோம் (35 ஆம்பியர்-ஹவர்). ஒரு மெக்கானிக் ஆல்டர்னேட்டர் போய்விட்டது என்று சொல்லி ரீகண்டிஷன் செய்த ஒன்றைப் போட்டுக் கொடுத்தார். அப்புறமும் அதே கதை. இப்போது அப்பா தினமும் ராத்திரி பேட்டரி டெர்மினலைக் கழற்றிவிட்டுத்தான் தூங்கப் போகிறார். கழற்றி வைத்தால் பத்து நாள் கழித்துக்கூட ஒரே அடியில் ஸ்டார்ட் ஆகிறது. புது சீட் கவர், ப்ளூடூத் ஸ்டீரியோ என்று வண்டியை நன்றாகத்தான் வைத்திருக்கிறோம். மலைக் குளிர்தான் காரணம் என்கிறார்கள், உண்மையா? இப்படியே டெர்மினலைக் கழற்றிக்கொண்டு ஓட்டலாமா, இல்லை வண்டியை விற்றுவிடலாமா?

பதில்: வணக்கம்மா. காரணம் தெரிகிறவரை இந்த வண்டிக்கு இனி எதுவும் வாங்காதீர்கள். மூன்றாவது பேட்டரியும் வேண்டாம், இன்னொரு ஆல்டர்னேட்டரும் வேண்டாம். உங்கள் அப்பா தினமும் ராத்திரி செய்கிற காரியத்திலேயே பாதி விடை கிடைத்துவிட்டது.

டெர்மினலைக் கழற்றி வைத்தால் பத்து நாள் கழித்தும் ஒரே அடியில் எடுக்கிறது என்கிறீர்கள். அப்படியென்றால் பேட்டரி சார்ஜைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. ஓடுகிறபோது ஆல்டர்னேட்டர் அதற்குச் சார்ஜ் ஏற்றியும் இருக்கிறது. செல்ஃப் மோட்டாரிலும் குறை இல்லை. டெர்மினல் மாட்டியிருந்தால் மட்டும்தான் நான்கு நாளில் காலியாகிறது. ஆக, நீங்கள் சாவியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போன பிறகும் வண்டிக்குள் ஏதோ ஒன்று கரண்டை இழுத்துக்கொண்டே இருக்கிறது. இந்த விவரத்தை மெக்கானிக்கிடம் முன்பே சொல்லியிருந்தால், ஆல்டர்னேட்டர் காசாவது மிச்சமாகியிருக்கும். அவரும் கேட்டிருக்க வேண்டும்.

குளிர் விஷயத்தை இங்கேயே முடித்துவிடலாம். மார்கழியிலும் ஏற்காட்டில் தண்ணீர் உறைகிற குளிர் அடிப்பதில்லை. அந்தக் குளிரில் பேட்டரியின் சக்தி கொஞ்சம் குறையும், இன்ஜின் ஆயிலும் கொஞ்சம் கெட்டியாகும். சார்ஜ் பாதிக்குக் கீழே இறங்கிவிட்ட பேட்டரி அன்றைக்குக் காலையில் மாட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். நல்ல பேட்டரி அதைப் பொருட்படுத்தாது. பேட்டரியின் ஆயுளைக் குறைப்பது சேலத்து மே மாத வெயில்தான். கீழே எங்கள் ஊரில் வெயிலில் நிற்கிற வண்டியைவிட உங்கள் ஷெட்டில் நிற்கிற வண்டியின் பேட்டரி அதிக நாள் உழைக்க வேண்டும்.

இப்போது ஒரு கணக்குப் போடலாம். நீங்கள் ஆசிரியை, என்னைவிட வேகமாகப் போடுவீர்கள். உங்கள் பேட்டரி 35 ஆம்பியர்-ஹவர், அதாவது ஒரு ஆம்பியர் வீதம் இழுத்தால் ஏறக்குறைய 35 மணி நேரம் தாங்கும். அதில் ஏறக்குறைய முக்கால் பங்கு போய்விட்டால் செல்ஃப் எடுக்காது, செல்ஃபுக்குக் கரண்டைத் திறந்துவிடுகிற சுவிட்சுகளான ரிலேயும் சொலினாய்டும் டிக் டிக் என்று துடிப்பதோடு நின்றுவிடும். முக்கால் பங்கு என்றால் 25 ஆம்பியர்-ஹவர் என்று வைத்துக்கொள்வோம். நான்கு நாள் என்பது 96 மணி நேரம். வகுத்தால் 0.26 ஆம்பியர், அதாவது 260 மில்லி ஆம்பியர். உங்கள் வண்டி நின்றபடியே இழுக்கிற கரண்ட் கிட்டத்தட்ட இதுதான். பேட்டரி ஏற்கெனவே கொஞ்சம் தளர்ந்திருந்தால் இதைவிடக் குறைவாகவும் இருக்கலாம்.

சாவியை எடுத்தபின் எந்தக் காரும் சுத்தமாகப் பூஜ்ஜியத்துக்கு வராது. ஸ்டீரியோவின் நினைவு, கடிகாரம், இன்ஜின் கம்ப்யூட்டரின் நினைவு என்று கொஞ்சம் போய்க்கொண்டுதான் இருக்கும். உங்கள் காலத்து வண்டிக்கு 20, 30 மில்லி ஆம்பியர் இருந்தால் சகஜம். 50-ஐத் தாண்டினால் தேட ஆரம்பிக்க வேண்டும். 25 மில்லி ஆம்பியர் என்றால் ஒரு நாளைக்கு 0.6 ஆம்பியர்-ஹவர்தான் போகும், ஒரு மாதம் நிறுத்தி வைத்தாலும் வண்டி எடுக்கும். 260 என்பது அதைப் போலப் பத்து மடங்கு. ராத்திரி பகலாகச் சொட்டுகிற குழாயைப் போல அது தொட்டியைக் காலி செய்துவிடும்.

"அடிக்கடி ஸ்டார்ட் பண்ணிப் பண்ணித்தான் பேட்டரி இறங்குகிறது" என்றும் யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். செல்ஃப் மோட்டார் 100, 150 ஆம்பியர் இழுக்கும், வாஸ்தவம்தான். ஆனால் இரண்டு விநாடிக்குத்தான் இழுக்கிறது. கணக்குப் பார்த்தால் 0.1 ஆம்பியர்-ஹவர்கூட இல்லை. அந்த 260 மில்லி ஆம்பியர் ஒரே நாளில் 6 ஆம்பியர்-ஹவருக்கு மேல் குடித்துவிடும். நாகலூரிலிருந்து பள்ளிக்கூடம் போய்த் திரும்புகிற சின்ன ஓட்டத்தில் அதை ஈடுகட்ட முடியாது.

இந்த 0.26 நமக்கு இன்னொரு வகையிலும் உதவுகிறது. யாரைச் சந்தேகப்படக் கூடாது என்று அதுவே சொல்லிவிடும். பழைய வண்டிகளில் பிரேக் பெடலில் இருக்கிற சின்ன பிளாஸ்டிக் புஷ் உடைந்து விழுந்து, பிரேக் லைட் அணையாமல் எரிவது உண்டு. ஆனால் இரண்டு பிரேக் பல்பும் சேர்ந்தால் 42 வாட், மூன்றரை ஆம்பியர். ராத்திரி எரிந்தால் விடிவதற்குள் பேட்டரி காலி. அது உங்கள் கேஸ் இல்லை. 10 வாட் ரூஃப் லேம்ப் எரிந்துகொண்டே இருந்தால் ஒன்றரை நாளுக்கு மேல் தாங்காது. அதுவும் இல்லை. 5 வாட் பல்பு 0.4 ஆம்பியர், இரண்டரை மூன்று நாள். இது கொஞ்சம் பக்கத்தில் வருகிறது. சாவி எடுத்த பிறகும் அணையாமல் கரண்ட் வாங்கிக்கொண்டே இருக்கிற ஒரு ரிலேயின் காயில் (கம்பிச் சுருள்) 0.15 ஆம்பியர் இழுக்கும். தூங்காமல் விழித்திருக்கிற ஸ்டீரியோ 0.2-இலிருந்து 0.4 வரை இழுக்கும். ஆல்டர்னேட்டரில் கசிகிற டயோடு எவ்வளவு வேண்டுமானாலும் இழுக்கலாம். நாம் தேட வேண்டியது இந்த நாலைந்து பேரைத்தான்.

மீட்டரைக் கையில் எடுப்பதற்கு முன் பானட்டைத் திறந்து பேட்டரியை நிதானமாகப் பாருங்கள். ஒவ்வொரு டெர்மினலிலும் எத்தனை வயர் வருகிறது? கம்பெனி கொடுத்தது என்றால் தடித்த கேபிளும், அதோடு சுத்தமாகக் கிரிம்ப் செய்த ஒன்றிரண்டு வயர்களும்தான் இருக்கும். அதற்கு மேல் மெல்லிசாக ஒரு சிவப்பு வயரோ மஞ்சள் வயரோ, கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றி, பிளஸ் டெர்மினல் போல்ட்டுக்கு அடியில் நசுங்கிக் கிடந்தால் அது பின்னால் யாரோ செய்த வேலை. ஃபாக் லேம்ப், ஏர் ஹாரன், ஆம்ப்ளிஃபையர், ரிமோட் லாக் என்று ஏதோ ஒன்றுக்குப் போகும். ஃபியூஸே இல்லாமல் நேராகப் போகிற வயர்களையும் நிறையப் பார்த்திருக்கிறேன். அது எங்கே போய் முடிகிறது என்று பிடித்துக்கொண்டே போங்கள்.

அப்படியே பேட்டரியின் மேல்பக்கத்தையும் பாருங்கள். உங்கள் ஊர்ப் பனியில் பேட்டரி மூடியின் மேல் தூசியும் ஆசிட் ஈரமும் சேர்ந்து ஒரு பிசுபிசுப்பு படியும். அதன் வழியாகவே பிளஸ்ஸிலிருந்து மைனஸுக்குக் கொஞ்சம் கரண்ட் ஊர்ந்து போகும். மீட்டரை வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையை மைனஸ் டெர்மினலிலும் சிவப்பு முனையைப் பிளாஸ்டிக் மூடியின் மேலும் வைத்து இழுத்தால் இரண்டு மூன்று வோல்ட் காட்டுவதைப் பார்க்கலாம். ஆப்ப சோடாவைத் தண்ணீரில் கரைத்து, துணியால் துடைத்து, ஓட்டைகளுக்குள் போகாமல் அலசிவிட்டால் தீர்ந்தது. ஆனால் உங்கள் தொல்லைக்கு இது காரணம் இல்லை. இதுதான் காரணம் என்றால் டெர்மினலைக் கழற்றி வைத்தாலும் பேட்டரி இறங்கியிருக்கும். துடைப்பது எப்படியும் நல்லது என்பதால் சொன்னேன்.

அடுத்தது ஸ்டீரியோ. கடிதத்தில் போகிற போக்கில் சீட் கவரோடு சேர்த்து எழுதிவிட்டீர்கள். எனக்கு அந்த வரியில்தான் கண் நின்றது. அதை எப்போது போட்டீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். தொல்லை ஆரம்பித்த அந்த ஒன்றரை வருடத்துக்குச் சற்று முன்னால் என்றால், முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

வெளியில் வாங்குகிற கார் ஸ்டீரியோவின் பின்னால் ஒரு கொத்து வயர் வரும். அதில் மஞ்சள், சிவப்பு, கறுப்பு என்ற மூன்றும்தான் உயிர். கறுப்பு எர்த். மஞ்சளுக்கு எப்போதும் 12 வோல்ட் இருக்க வேண்டும். நீங்கள் பிடித்து வைத்த ஸ்டேஷன்களும் கடிகாரமும் மறந்துபோகாமல் இருப்பதற்காக அது, மிகச் சின்ன கரண்ட்தான் இழுக்கும். சிவப்புக்குச் சாவியை ஏ.சி.சி. வரை (இன்ஜின் ஓடாமலே ஸ்டீரியோ வேலை செய்கிற நிலை) திருப்பினால் மட்டும் 12 வோல்ட் வர வேண்டும். சாவியை எடுத்தாயிற்று, இனி தூங்கலாம் என்று ஸ்டீரியோவுக்குத் தெரிவதே அந்தச் சிவப்பு வயர் வழியாகத்தான். கடையில் அவசரம், ஏ.சி.சி. வயர் எது என்று தேடப் பொறுமை இல்லை, அல்லது "சாவி இல்லாமலே பாட்டுக் கேட்கணும்" என்று வண்டிக்காரரே கேட்கிறார். உடனே மஞ்சளையும் சிவப்பையும் ஒன்றாக முறுக்கி, டேப் சுற்றி, நேரடிக் கரண்டில் கொடுத்துவிடுவார்கள். பாட்டு அருமையாகக் கேட்கும். ஆனால் சாவி எடுத்த விஷயம் ஸ்டீரியோவுக்குத் தெரியவே தெரியாது. நீங்கள் பட்டனை அமுக்கி விளக்கை அணைத்தாலும் உள்ளே ப்ளூடூத்தும் மற்றதும் விழித்தபடியே இருக்கலாம். எந்த செட் எவ்வளவு இழுக்கும் என்பது செட்டுக்குச் செட் மாறும், விலை குறைந்த செட்டுகள் அதிகமாகவே இழுக்கின்றன.

சோதித்துப் பார்ப்பது சுலபம். சாவியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு ஸ்டீரியோ பட்டனை அமுக்குங்கள். பாட்டு வந்தால் இரண்டு வயரும் சேர்ந்திருக்கின்றன என்று அர்த்தம். அல்லது, வீட்டில் எல்லோரும் போனில் ப்ளூடூத்தைத் திறந்து பாருங்கள். ராத்திரி பத்து மணிக்குப் பூட்டிய ஷெட்டுக்குள் இருந்து உங்கள் ஸ்டீரியோவின் பெயர் போனில் தெரிந்தால் அது தூங்கவில்லை. சரிசெய்வது ஒரு மணி நேர வேலை. சிவப்பைப் பிரித்து, சாவியோடு வந்து போகிற வயரில் கொடுக்க வேண்டும். மஞ்சள் அதன் சொந்த ஃபியூஸோடு நேரடிக் கரண்டிலேயே இருக்கட்டும். இரண்டையும் ஏ.சி.சி.-யில் கொடுத்தாலும் கரண்ட் லீக் நின்றுவிடும், ஆனால் ஒவ்வொரு தடவை வண்டியை நிறுத்தும்போதும் ஸ்டேஷன் எல்லாம் மறந்துபோய் அப்பா திட்டுவார்.

இதுதான் காரணம் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். வண்டியைப் பார்க்காமல் அப்படிச் சொன்னால் உங்களுக்கு ஆல்டர்னேட்டர் மாற்றிக் கொடுத்தவருக்கும் எனக்கும் வித்தியாசம் இல்லை. அதனால் மீட்டர் வைத்துப் பார்த்துவிடுங்கள். சாதாரண மல்டிமீட்டர் எந்த எலக்ட்ரிக்கல் கடையிலும் கிடைக்கும், ஒரு பேட்டரி விலையில் சின்னத் துண்டுதான் ஆகும்.

பேட்டரியை முதலில் முழுதாகச் சார்ஜ் ஏற்றுங்கள். கையில் உலோக வளையலோ மோதிரமோ இருந்தால் கழற்றி வைத்துவிடுங்கள். வளையல் பிளஸ்ஸிலும் பாடியிலும் ஒரே நேரத்தில் பட்டால் நொடியில் பழுத்துக் கை வெந்துவிடும். சாவியை எடுத்துவிடுங்கள். ஃபியூஸ் பெட்டி டேஷ்போர்டுக்குக் கீழே டிரைவர் பக்கம் இருப்பதால் கதவைத் திறந்து வைத்துத்தான் வேலை செய்ய வேண்டும். கதவு நிலையில் ரப்பர் போட்ட சின்ன பட்டன் இருக்கிறதல்லவா, அதை அமுக்கி டேப் ஒட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் ரூஃப் லேம்ப் எரிகிற கரண்டும் கணக்கில் சேர்ந்துவிடும்.

இப்போது மைனஸ் டெர்மினலை, கவனியுங்கள், மைனஸைத்தான், 10-ம் நம்பர் ஸ்பானரால் கழற்றுங்கள். மாட்டும்போதும் மைனஸ்தான் கடைசி. பிளஸ்ஸை முதலில் கழற்றப் போய் ஸ்பானர் பாடியில் பட்டால் தீப்பொறி பறக்கும். மீட்டரில் சிவப்பு வயரை 10 ஆம்பியர் என்று எழுதியிருக்கிற தனி ஓட்டையில் சொருகி, குமிழையும் 10 ஆம்பியருக்குத் திருப்புங்கள். 200 மில்லி ஆம்பியரில் வைத்தால் உங்கள் வண்டி இழுக்கிற இழுப்புக்கு மீட்டருக்குள் இருக்கிற ஃபியூஸ் போய்விடும். கறுப்பு முனை பேட்டரியின் மைனஸ் போஸ்ட்டில், சிவப்பு முனை கழற்றிய கேபிளில். வண்டிக்குப் போகிற கரண்ட் எல்லாம் இப்போது மீட்டர் வழியாகத்தான் போக வேண்டும். இந்த நிலையில் யாரும் சாவியைத் திருப்பக் கூடாது. செல்ஃப் இழுத்தால் மீட்டர் கருகிவிடும்.

மாட்டிய உடனே எண் கொஞ்சம் எகிறும். ஐந்து பத்து நிமிடம் விட்டுவிட்டுப் பாருங்கள். 0.02, 0.03 என்று நின்றால் வண்டி அந்த நேரத்தில் ஒழுங்காக இருக்கிறது. 0.2-க்கு மேல் நின்றால் ஆள் உள்ளே இருக்கிறான்.

இங்கே அப்பாவை உதவிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அவர் பானட் பக்கம் நின்று மீட்டரைப் பார்த்து எண்ணைச் சொல்லிக்கொண்டே இருக்கட்டும். நீங்கள் ஃபியூஸை ஒவ்வொன்றாக இழுங்கள். ஒன்றை இழுத்து, அவர் சொல்வதைக் கேட்டு, அதே இடத்தில் சொருகிவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். "இருபத்தாறு... இருபத்தாறு... இருபத்தாறு..." என்று வந்துகொண்டிருக்கிற குரல் திடீரென்று "ரெண்டு!" என்று சொல்லும். அப்போது உங்கள் கையில் இருக்கிற ஃபியூஸ் எந்த வேலைக்கானது என்று பெட்டி மூடியில் எழுதியிருக்கும். பழைய வண்டிகளில் ஒரே ஃபியூஸில் ரூஃப் லேம்ப், ஸ்டீரியோ, கடிகாரம் என்று இரண்டு மூன்று சேர்ந்திருப்பது உண்டு. அதனால் ஃபியூஸை மறுபடி சொருகிவிட்டு அந்தக் கூட்டத்தில் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். ஸ்டீரியோவின் சாக்கெட்டைப் பிடுங்கியதும் எண் இறங்கினால் விஷயம் முடிந்தது.

வேலை முடிந்ததும் சிவப்பு வயரை 10 ஆம்பியர் ஓட்டையிலிருந்து எடுத்துப் பழைய வோல்ட் ஓட்டைக்கு மாற்றிவிட்டுத்தான் மீட்டரை உள்ளே வைக்க வேண்டும். மறந்துபோய் அடுத்த நாள் வோல்ட் பார்க்கலாம் என்று பேட்டரியின் இரண்டு முனையிலும் வைத்தால், அது பேட்டரியை நேராக ஷார்ட் செய்ததற்குச் சமம். வயர் உருகிக் கையில் ஒட்டும்.

இவ்வளவும் பயமாக இருந்தால் மீட்டரே வேண்டாம். ஒரு 5 வாட் பல்பை ஹோல்டரோடு வாங்கி, இரண்டு வயர் இழுத்து, மைனஸ் போஸ்ட்டுக்கும் கழற்றிய கேபிளுக்கும் நடுவில் வையுங்கள். மீட்டர் பரவலாவதற்கு முன்னால் பட்டறைகளில் இதுதான் வழக்கம். 20, 30 மில்லி ஆம்பியருக்குப் பல்பு எரியாது. கால் ஆம்பியர் போனால் இழை மங்கலாகச் சிவந்து தெரியும், ஷெட்டுக்குள் இருட்டில் இன்னும் நன்றாகத் தெரியும். ஃபியூஸை இழுக்கும்போது பல்பு அணைந்தால் அதுதான் இடம். எண் தெரியாது என்பது ஒன்றுதான் குறை.

டிக்கியிலோ கிளவ் பாக்ஸிலோ விளக்கு இருந்தால், மூடியபின் அது அணைகிறதா என்று தெரிந்துகொள்ள நாம் உள்ளே உட்கார முடியாது. போனில் வீடியோ ரெக்கார்டிங்கை ஓடவிட்டு உள்ளே வைத்து மூடுங்கள். எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

எல்லா ஃபியூஸையும் இழுத்தும் எண் இறங்கவில்லை என்றால், ஃபியூஸ் பெட்டிக்குள் வராத வழியாகப் போகிறது. பேட்டரியிலிருந்து நேராகப் போகிற அந்த வெளி வயர்கள் ஒன்று. இன்னொன்று ஆல்டர்னேட்டர். அதற்குள் இருக்கிற டயோடுகள், கரண்ட் பேட்டரிக்குப் போகலாம், அங்கிருந்து திரும்பி வரக் கூடாது என்று தடுக்கிற கதவு. அதில் ஒன்று கெட்டால் ராத்திரி முழுக்கத் திரும்பி ஒழுகும். நிறைய ஒழுகினால் காலையில் இன்ஜின் ஜில்லென்று இருக்கும்போது ஆல்டர்னேட்டர் மட்டும் வெதுவெதுப்பாக இருக்கும், கை வைத்தால் தெரியும். உங்கள் அளவு ஒழுகலுக்கு அது தெரியாமலும் போகலாம். சரியான சோதனை, பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டு, ஆல்டர்னேட்டரின் பின்னால் நட்டுப் போட்ட தடித்த வயரைக் கழற்றி டேப் சுற்றி வைத்து, மறுபடி மீட்டரில் பார்ப்பது. எண் இறங்கினால் அதுதான். பழைய ஆல்டர்னேட்டர் இருந்தபோதே தொல்லை இருந்தது என்பதால் எனக்கு இதில் சந்தேகம் குறைவு. ஆனால் மாற்றியதும் ரீகண்டிஷன்தான், அதனால் ஒரு கண் வையுங்கள்.

எலி என்று ஒரு ஆள் இருக்கிறது. காப்பித் தோட்டத்துக்கு நடுவில் ஷெட் என்றால் பானட்டுக்குள் எலி ஏறாத வீடு இருக்காது. இன்ஜின் சூட்டுக்கு வந்து படுத்து வயரைக் கடித்து வைக்கும். கடித்த வயர் மழைக்காலத்தில் ஈரம் பட்டால் ஒழுகும், காய்ந்தால் நின்றுவிடும். உங்கள் வண்டியில் எண் ஒரு நாள் 0.26, மறுநாள் 0.03 என்று மாறி மாறி வந்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த இலைக் குப்பை, எச்சம், கடித்த ரப்பர்த் துண்டு எல்லாம் பேட்டரித் தட்டுக்கு அடியில் கிடக்கும்.

இப்போது அப்பாவின் பழக்கத்துக்கு வருகிறேன். கோளாறு தெரிகிறவரை தற்காலிகமாக அது சரியான வழிதான், பேட்டரியையும் காப்பாற்றியிருக்கிறது. ஸ்டார்ட் செய்கிற பேட்டரிக்கு உள்ளே மெல்லிய தகடுகள். ஒவ்வொரு தடவை அடிவரைக்கும் காலியாகும்போதும் அதில் ஈய சல்பேட் கெட்டியாகப் படிந்து ஆயுள் குறையும். முன்னால் போன இரண்டும் அப்படித்தான் போயிருக்கும், கடைக்காரர் கொடுத்தது மட்டமான சரக்கு என்று நினைக்க வேண்டாம்.

என் கவலை வேறு. தினமும் கழற்றி மாட்டுகிறவர் ஸ்பானர் போடாமல் கையாலேயே திருகி வைக்கிறாரா என்று பாருங்கள். பேட்டரியின் போஸ்ட் ஈயம், தினமும் திருகினால் தேய்ந்து கிளாம்ப் லூஸாகும். அடிவாரத்திலிருந்து மேலே வருகிற இருபது கொண்டை ஊசி வளைவில் வண்டி குலுங்கி, ஓடிக்கொண்டிருக்கும்போது டெர்மினல் விட்டால், ஆல்டர்னேட்டரின் வோல்ட்டேஜ் ஒரு நொடி தாறுமாறாக எகிறும். ஆல்டர்னேட்டர் டயோடும் இன்ஜின் கம்ப்யூட்டரும் சேர்ந்து போகலாம். பேட்டரியைக் காப்பாற்றப் போய் அதைவிடப் பெரிய செலவு. அவருக்குக் கழற்றித்தான் ஆக வேண்டும் என்றால் சேலத்தில் லாரி சாமான் விற்கிற கடைகளில் பேட்டரி கட்-ஆஃப் சுவிட்ச் கிடைக்கும். மைனஸ் பக்கம் அதைப் போட்டுவிட்டால் குமிழைத் திருப்பினால் போதும், கிளாம்ப் தேயாது. ஆனால் கோளாறைக் கண்டுபிடிக்காமல் சுவிட்ச் மட்டும் போட்டு விட்டுவிடாதீர்கள். ஒழுகுவது கடிபட்ட வயர் என்றால், வண்டி ஓடுகிற நேரமெல்லாம் அது சூடாகிக்கொண்டுதான் இருக்கும்.

கடிதத்தில் நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் வீடு மேட்டில் இருந்தால் எல்லோரும் செய்வதுதான், நியூட்ரலில் உருளவிட்டு கியரில் போட்டு ஸ்டார்ட் செய்வது. உங்கள் வண்டி கார்புரேட்டர் வண்டி இல்லை. பேட்டரி அடியோடு காலியாகியிருந்தால் பெட்ரோல் பம்ப்பும் கம்ப்யூட்டரும் வேலை செய்யாது, எவ்வளவு உருட்டினாலும் எடுக்காது. இன்ஜின் ஓடாதபோது பிரேக்குக்கு பூஸ்டர் உதவியும் இரண்டு மிதிக்கு மேல் இருக்காது. ஏற்காட்டுச் சரிவில் அந்த விளையாட்டு வேண்டாம். பக்கத்து வண்டியிலிருந்து ஜம்பர் கேபிள் போட்டு எடுங்கள்.

நீங்களே செய்ய முடியவில்லை, சேலத்துக்குத்தான் கொண்டுவர வேண்டும் என்றால், "சார்ஜ் நிக்கல, பாருங்க" என்று சொல்லாதீர்கள். அப்படிச் சொன்னால் கை முதலில் போவது பேட்டரிக்கும் ஆல்டர்னேட்டருக்கும்தான். "சாவி எடுத்தப்புறம் எத்தனை மில்லி ஆம்பியர் இழுக்குதுன்னு மீட்டரில் காட்டுங்க, வேலை முடிஞ்சப்புறம் மறுபடி காட்டுங்க" என்று கேளுங்கள். இரண்டு எண்ணும் உங்கள் கண்ணால் பார்த்த பிறகு காசு கொடுங்கள். காலையிலேயே விட்டுவிட்டுச் சாயங்காலம் எடுங்கள். இந்த வேலையில் பாதி நேரம் காத்திருப்பதுதான், பக்கத்தில் நின்று அவசரப்படுத்தினால் தேடுகிறவர் தேடாமல் மாற்றத்தான் பார்ப்பார்.

விற்பதைப் பற்றிக் கேட்டீர்கள். 2003 வண்டி என்றால் 2018-இலும் 2023-இலும் ஆர்.சி. புதுப்பித்திருப்பீர்கள், அடுத்தது 2028. அதற்குள் அடித்தட்டில் துரு எப்படி இருக்கிறது, இன்ஜின் புகை தள்ளுகிறதா என்று பார்த்து முடிவு செய்யுங்கள். ஒரு வயர் கோளாறுக்காக விற்க வேண்டியதில்லை. போதாததற்கு, நான்கு நாள் நின்றால் எடுக்காத வண்டிக்கு யாரும் நல்ல விலையும் தர மாட்டார்கள்.

கோளாறு சரியானபின் பேட்டரியை வெளியே எடுத்து, மூன்று மூன்றரை ஆம்பியரில் ராத்திரி முழுக்க மெதுவாகச் சார்ஜ் ஏற்றச் சொல்லுங்கள். மாட்டாமல் சில மணி நேரம் வைத்திருந்து வோல்ட் பார்த்தால் 12.6 இருக்க வேண்டும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. அப்புறம் டெர்மினலை மாட்டி, நன்றாக முறுக்கி, அப்பாவைக் கழற்ற விடாமல் நான்கு நாள் நிறுத்திப் பாருங்கள். ஐந்தாம் நாள் காலை ஸ்டார்ட் செய்வதற்கு முன் வோல்ட் 12.4-க்குக் கீழே இறங்கவில்லை என்றால் வேலை சரியாக நடந்திருக்கிறது. இறங்கியிருந்தால் மீட்டரில் வந்த எண்ணையும், எந்த ஃபியூஸில் குறைந்தது என்பதையும், பேட்டரி டெர்மினல்களின் போட்டோவையும் சேர்த்து எழுதுங்கள், அடுத்து எங்கே பார்ப்பது என்று சொல்கிறேன்.